முதல் நடை

இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. குண்டு சோதிக்கிற இடம் என்றால் நாள் முழுக்க படார் படார் என்று வெடித்துக்கொண்டே இருக்கும் என்று நினைக்கிறார்கள். என் பெரியம்மா மகள் இன்னமும் போனில் என்னிடம் கத்தித்தான் பேசுவாள், எனக்குக் காது போயிருக்கும் என்று. போகவில்லை. காது, கண், ஞாபகம் மூன்றும் எனக்கு நன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் நீங்கள் அந்த நாடாவைப் பற்றிக் கேட்டதும் எந்த நாடா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

பதினொரு வருஷத்துக்கு முந்தைய வீடியோ நாடா. பழைய நாடாக்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டதே நான்தான், இந்தப் பிரிவுக்கு இப்போது நான்தானே தலைவி. நாற்பத்தொன்றாவது நிமிஷத்தில் குண்டின் ஓட்டையிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை. அதைப் பெரிசு பண்ணி, சிவப்பில் வட்டம் போட்டு எடுத்து வந்திருக்கிறீர்கள். வட்டம் தேவையே இல்லை. எனக்கு அன்றைக்கே தெரிந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன். ஆனால் எங்கள் வேலை என்னவென்று முதலில் உங்களுக்குப் புரிய வேண்டும். இல்லாவிட்டால் என்னை ஏதோ பைத்தியம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள்.

குண்டு எதிராளி மேல் விழுந்து வெடிப்பது வேறு ஆட்கள் பார்க்கிற விஷயம். நாங்கள் பார்ப்பது அதற்கு முந்தியது. கிடங்கில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள், லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். எங்கிருந்தோ ஒரு இரும்புச் சில்லு பறந்து வந்து அந்தக் குண்டின் வயிற்றில் பாய்கிறது. அப்போது அது என்ன செய்யும்? சும்மா கிடக்குமா, எரியுமா, பக்கத்தில் இருக்கிறதையெல்லாம் சேர்த்துக்கொண்டு போகுமா? அதைத் தெரிந்துகொள்ள, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு எஃகுத் துண்டைப் பீரங்கிக் குழாயில் போட்டு, வேண்டுமென்றே குண்டின் மேல் அடிப்போம். சுற்றிலும் தடிமனான இரும்புத் தகடுகளை நிறுத்தி வைத்திருப்போம். அவற்றுக்குச் சாட்சித் தகடு என்று பெயர். எதிரே என்ன நடந்ததோ அது அப்படியே அந்தத் தகட்டில் பதிந்திருக்கும், கூட்டாமல் குறைக்காமல்.

வெடித்துவிட்டால் எங்களுக்கு நிம்மதி. தேறவில்லை என்று எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். வெடிக்காமல் கிடந்தால்தான் வம்பு. வெளியில் பார்க்கச் சாதுவாகக் கிடக்கும். உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். அதனால் ஒரு மணி நேரம் கிட்டே போகக் கூடாது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வரி பதிவேட்டில் எழுத வேண்டும். நடுவில் புகையோ பொறியோ எது தெரிந்தாலும் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து ஒரு மணி நேரம். ஐம்பத்தொன்பதாவது நிமிஷத்தில் தெரிந்தாலும் அதே கதைதான். மணி முடிந்ததும் ஒரே ஒரு ஆள் மட்டும் தனியாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு, வரலாம் என்று கை காட்டுவார். அதற்கு முதல் நடை என்று பெயர். யாருடைய முறை என்று சுவரில் அட்டவணை தொங்கும்.

அன்றைக்கு அட்டவணையில் இருந்தது என் பெயர்.

அப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவரை எல்லாரும் 'முப்பது' என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் முதுகுக்குப் பின்னால். விதி சொல்கிற ஒரு மணி நேரம் அவருக்குப் போதாது. மேற்கொண்டு முப்பது நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஏன் சார் என்று கேட்டால், சும்மாம்மா, உட்காரு என்பார். பீரங்கிக் குழாயைப் பார்த்துக்கொள்கிற ஃபிட்டர் அண்ணன் இதை வைத்தே பிழைப்பு நடத்தினார். "லிப்ட் கதவு தொறந்தாக்கூட நம்மாளு அரை மணி கழிச்சுதான் வெளிய வருவாரு. குழந்தை பொறந்திருக்குன்னு நர்ஸ் வந்து சொன்னப்ப, இருக்கட்டும்மா, ஒரு முப்பது நிமிஷம் பாப்போம்னு சொல்லியிருப்பாரு" என்பார். முப்பதுக்கும் இது தெரியும். கேட்டும் கேட்காத மாதிரி சிரித்துக்கொள்வார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். நல்ல மனிதர். இதை நீங்கள் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளலாம், நான் மறுக்கப் போவதில்லை.

என் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். அம்மா சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கிறவள். எங்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய வேலையை முப்பது எடுத்துக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் செருப்புப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டேன். ஸ்டோரில் கேட்டால் ஷூ தருவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் அவரே தன் கைக்காசில் ஒரு ஜோடி வாங்கி வந்து, எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது என் மேஜை மேல் வைத்தார். "போட்டுக்கம்மா, பாவம்" என்றார். அளவு கச்சிதமாக இருந்தது. எப்போது என் காலைப் பார்த்து அளந்தார் என்று யோசித்து யோசித்து அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

ஒரு வருஷம் கழித்து, துண்டின் வேகத்தை அளக்கிற கருவி தப்பாகக் காட்டுகிறது என்று நான்தான் கண்டுபிடித்தேன். மூன்று வருஷமாக யார் கண்ணிலும் படாத தப்பு. பதினாறு சோதனைகளை மறுபடி செய்ய வேண்டி வந்தது. மேலதிகாரிகள் கூட்டத்தில் முப்பது எழுந்து பெருமையாகச் சொன்னார், "நம்ம பொண்ணுதான் கண்டுபிடிச்சா. அப்பா மூட்டை தூக்குறவரு. எந்த வீட்ல இருந்து வந்திருக்கா பாருங்க" என்று. கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள், கருவிக்கா, மூட்டைக்கா?

நிரந்தர வேலைக்கு நேர்காணல் வந்தது. ஒரே ஒரு இடம். அதற்காக அவர் என்னைப் பற்றி எழுதிய குறிப்பை, சந்தோஷப்படுவேன் என்று, என்னிடமே படிக்கக் கொடுத்தார். 'இவருடைய பின்னணியைக் கருதிப் பார்க்கும்போது மிகவும் பாராட்டத்தக்க முன்னேற்றம்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். பின்னணியைக் கருதாமல் பார்த்தால் எப்படி என்று நான் கேட்கவில்லை. நன்றி சார் என்றேன். நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கோணிப்போயிருந்த காலம் அது.

இதையெல்லாம் கோபத்தில் சொல்வதாக எழுதிவிடாதீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நேர்காணல் நாளும் சோதனை நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. நேர்காணல் தலைமை அலுவலகத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு. மைதானத்திலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். காலையில் அம்மா தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். மூன்று நாளாக உட்கார்ந்து தைத்தாள். ஊரான் சட்டைக்கெல்லாம் பட்டன் வச்சேன், இது ஒண்ணுதான் எனக்குன்னு வச்சது என்று சொல்லிக்கொண்டே, காலரை மூன்று தடவை நீவிவிட்டாள். இந்த வேலை நிரந்தரமானால் அப்பாவை முதுகு வலியோடு லாரி ஏற விட வேண்டாம். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு அடித்தோம். துண்டு சரியாக நடுவயிற்றில் பாய்ந்தது. குண்டு லேசாகத் துள்ளிவிட்டுச் சும்மா கிடந்தது. ஃபிட்டர் அண்ணன், "பரவால்ல, நல்லா வளத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு, குழாயைத் துடைக்கப் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விட்டார். அறையில் நானும் முப்பதும் மட்டும். கடிகாரத்தைத் தட்டிவிட்டேன். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மணி முடியும், நடந்து போய்ப் பார்த்துவிட்டு ஒரு மணிக்கு ஜீப்பில் ஏறிவிடலாம். முப்பதுடைய முப்பது நிமிஷத்தை மட்டும் எப்படியாவது கெஞ்சிக் கழித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் அவர் எழுந்து, ஒரு போன் பண்ணிட்டு வந்துடுறேன், பாத்துக்க என்று சொல்லி வாசல் காவலறைக்குப் போனார். வெளி லைன் அங்கேதான் உண்டு. அவர் போய் மூன்று நிமிஷம் ஆகியிருக்கும், ஓட்டையிலிருந்து அந்தப் புகை வந்தது. அகர்பத்திப் புகை கூட அதைவிடத் தடிமனாக இருக்கும். இப்படி வந்து, இப்படி வளைந்து, போயே போய்விட்டது. எட்டு நொடி என்று உங்கள் கம்ப்யூட்டர் சொல்கிறது. எனக்கு அதைவிட நீளமாக ஞாபகம்.

பொத்தான் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அழுத்தினால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போகும். ஒன்றேகால் வரை உட்கார வேண்டும், அதற்கு மேல் அவருடைய முப்பது வேறு. நேர்காணல் கோவிந்தா. நான் அழுத்தவில்லை. பதிவேட்டில் 'மாற்றம் இல்லை' என்று எழுதினேன்.

அந்த நேரத்தில் நான் பணயம் வைத்தது யாருடைய உயிரை என்று கொஞ்சம் யோசியுங்கள். அட்டவணையில் என் பெயர். நடக்கப் போகிறவள் நான். என் உயிர், என் சட்டை, என் நேர்காணல். இதில் மற்றவர்களுக்கு என்ன வந்தது? ஐம்பதாவது நிமிஷத்தில் முப்பது திரும்பி வந்தார். "ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். எப்போதும் கேட்பதுதான். இல்ல சார் என்றேன். இதுவரைக்கும் நான் செய்ததை என் வயசில் யார் வேண்டுமானாலும் செய்திருப்பார்கள்.

மணி முடிந்தது. ஹெல்மெட்டை எடுத்தேன். அவர் கையை நீட்டினார்.

"குடு."

"இன்னிக்கு என் முறை சார்."

"வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்திருக்க. அங்க இருக்குற கரி பட்டா ஏழு துவைப்புக்கும் போகாது. அம்மா தைச்சதுன்னு வேற சொன்ன. நான் போறேன், குடு."

"அப்ப, இன்னொரு முப்பது நிமிஷம்?"

"இன்னிக்கு ஒரு நாள் வேணாம். உனக்கு நேரமாகுதுல்ல."

ஹெல்மெட் என் கையில்தான் இருந்தது. கொடுத்தேன். வார்கூடச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். அவர் வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார். இன்னொன்று என் மேஜையில். எங்களிடம் மொத்தமே இரண்டுதான்.

அறையிலிருந்து குண்டு வரைக்கும் நானூறு மீட்டர். முப்பது நிதானமாக நடக்கிறவர், ஐந்தாறு நிமிஷம் ஆகும். திரையில் அவர் முதுகு தெரிந்தது. ஐம்பது மீட்டருக்கு ஒரு சின்னக் கொடி ஊன்றியிருப்போம், ஒவ்வொன்றையும் தாண்டும்போது எண்ணைச் சொல்ல வேண்டும். ஐம்பது என்றார். நூறு என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் சரி சார் என்றேன்.

அன்றைக்கு வந்த விசாரணைக் குழு என்னிடம் மூன்று நாள் கேள்வி கேட்டது. அவர்கள் நடையைப் பார்த்தார்களே தவிர, நாற்பத்தொன்றாவது நிமிஷத்தைப் பெரிசு பண்ணிப் பார்க்கவில்லை. நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். நேர்காணலுக்கு நேரமாகிவிடும் என்ற பயத்தில் ஒரு பெண் தப்புச் செய்துவிட்டாள், பிறகு சொல்ல வாய் வரவில்லை, பாவம் என்று நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. அதை அடித்துவிடுங்கள். நாடாவில் சத்தம் கிடையாது. அதனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

இருநூறாவது கொடியைத் தாண்டும்போது அவர் எண்ணைச் சொல்லவில்லை. வேறு பேசினார்.

"சொல்ல மறந்துட்டேன்மா. நேர்காணல்காரங்ககிட்ட பேசிட்டேன். உன்னைக் கடைசியாதான் கூப்பிடுவாங்க, நாலு மணிக்கு மேல. அரக்கப் பரக்க ஓடாத. சாப்பிட்டுட்டே கெளம்பு."

போன் செய்தது அதற்குத்தான். ஆக, எனக்கு நேரமாகவில்லை. கடிகாரத்தை அப்போது திருப்பிவிட்டிருந்தாலும், அவருடைய முப்பதையும் சேர்த்துக் காத்திருந்துவிட்டு, ஆற அமரப் போயிருக்கலாம். பயம் என்று ஒன்று இருந்தால் அது அந்த நொடியோடு தீர்ந்துவிட்டது. அவர் குண்டிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, முழு உயிரோடு நடந்துகொண்டிருந்தார். என் கையில் வாக்கி-டாக்கி இருந்தது.

நான் யோசித்தது வேறு. அவர்களிடம் என்ன சொல்லிக் கேட்டிருப்பார்? அவர் குரலிலேயே எனக்குக் கேட்டது. கஷ்டப்பட்ட வீட்டுப் பொண்ணு சார், பாவம், கொஞ்சம் பாத்துக்கங்க. எதிர்முனையில் அவர்கள் த்சொ த்சொ என்றிருப்பார்கள். நான் அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்னால் என் அப்பாவின் மூட்டை நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. நான் என்ன பதில் சொன்னாலும் அது மூட்டை சொன்ன பதில்தான்.

முந்நூறு என்றார். முந்நூற்றைம்பது என்றார். சரி சார், சரி சார்.

குண்டுக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது நின்றார். நாடாவில் பார்த்திருப்பீர்கள், தலையைத் தூக்கி மோந்து பார்க்கிற மாதிரி நிற்பார், பிறகு வாக்கி-டாக்கியை வாய்க்குக் கொண்டுபோவார். என்ன சொன்னார் என்று அந்தக் குழு கேட்டது. கிட்ட வந்துட்டேன்னு சொன்னாரு, வழக்கமா சொல்றதுதான் என்றேன்.

அவர் சொன்னது இதுதான். "ஏதோ வாடை வருதும்மா. திரையில ஏதாச்சும் தெரியுதா?"

அப்போது என் முன்னால் இருந்தது ரொம்பச் சின்ன வேலை. நாப்பத்தொண்ணுல புகை பாத்தேன் சார், திரும்பி வந்துடுங்க. இவ்வளவுதான். வந்திருப்பார். வந்து என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? திட்டியிருப்பாரா? புகார் எழுதியிருப்பாரா? எழுதுகிற ஆளாக இருந்திருந்தால் நான் புகையைச் சொல்லியிருப்பேன், சத்தியமாக. அவர் என் தலையில் கை வைத்து, போகட்டும் விடும்மா, பதட்டத்துல நடந்துபோச்சு, நமக்குள்ள இருக்கட்டும் என்றிருப்பார். பதிவேட்டை அவரே திருத்தியிருப்பார். நேர்காணலுக்கும் அனுப்பி வைத்திருப்பார். அதற்கப்புறம் நான் எந்தப் பதவிக்குப் போனாலும், எந்தக் கருவியில் எந்தத் தப்பைக் கண்டுபிடித்தாலும், அந்த மனிதர் தூரத்தில் நின்று என்னைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருப்பார். ஷூவையாவது கழற்றி வைத்துவிடலாம். இதைக் கழற்றவே முடியாது.

வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினேன். "ஒண்ணும் தெரியல சார். போங்க" என்றேன்.

"சரிம்மா" என்றார்.

பதினேழு பதினெட்டு அடி எடுத்து வைத்தார். திரை வெள்ளையானது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது, எப்போதும் அப்படித்தான். நான் பதிவேட்டில் நேரத்தைக் குறித்தேன், அதன் பக்கத்தில் நிகழ்வு என்று எழுதினேன். கையெழுத்து எழுத்து எழுத்தாகத் தெளிவாக இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். ஃபிட்டர் அண்ணன் கொட்டகையிலிருந்து ஓடி வந்து, யாரு போனா, யாரு போனா என்று கேட்டுக்கொண்டே என் தோளைப் பிடித்து உலுக்கினார். என்னைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அட்டவணையில் என் பெயரைப் பார்த்திருக்கிறார், அதனால் நான் உயிரோடு நிற்பதை நம்ப முடியவில்லை போல.

அந்தக் குண்டு அதோடு நிராகரிக்கப்பட்டது. எந்தக் கிடங்குக்கும் போகவில்லை. காத்திருக்கிற நேரம் இப்போது ஒன்றரை மணி, திரையை இரண்டு பேர் பார்க்க வேண்டும். விதியை எழுதியது நான். அதனால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

நேர்காணலைப் பத்து நாள் தள்ளி வைத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேகமானி பற்றி, சாட்சித் தகடு பற்றி, எதைக் கேட்டாலும் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். நடுவில் இருந்தவர் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கண் முன்னாடியே பாத்த பொண்ணு, இவகிட்ட என்னத்தக் கேக்குறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அங்கேயே கையெழுத்துப் போட்டு உத்தரவைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்பா மறுநாளே வேலையை விட்டார். அம்மா அந்தச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள், ஒரு கறை இல்லாமல்.

கொலை என்று எழுதப் போகிறீர்கள் என்றால் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பதவி எனக்கு என் தகுதியால் மட்டுமே கிடைத்தது. அந்த வரியைத் தனியாக, தப்பில்லாமல் எழுதிவிடுங்கள்.